மூன்றாவது செட்டுக்கான மூச்சு

ஜனவரி 11

அன்புள்ள பம்பரத்துக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தையின் முழங்கால் தேவலையா? எக்ஸ்ரே படத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தால் வலி குறையாது, டாக்டரிடம் காட்டினால்தான் குறையும் என்று சொல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது பார், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நான் டென்னிஸை நிறுத்திவிட்டேன். பதறாதே, ஒரேயடியாக இல்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி வரைக்கும் ராக்கெட்டைத் தொடுவதாக இல்லை. அதுவரை உடம்பைத் தேற்றப் போகிறேன்.

ஆறு வருடமாக நாம் ஜோடியாக ஆடுகிறோம். மூன்று தடவை ஃபைனல் வரை போய், மூன்று தடவையும் மூன்றாவது செட்டில் தோற்றோம். மூன்று தடவையும் மூச்சு வாங்கியது எனக்குத்தான். போன செப்டம்பரில் 5-2 என்று முன்னால் இருந்தும் கோட்டை விட்டோமே, அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீயும் அங்கே இருந்தாய், நானும் இருந்தேன்.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை, உன் அண்ணனுக்கு ஆற்றின் நடுவில் பாலம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு டயர் கடை, அதற்கு மேல்மாடியில் ஜிம். கீழே சக்கரம் விழுகிற சத்தம், மேலே எடை விழுகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் எது கடை, எது ஜிம் என்று தெரியாது. அங்கே பயிற்சி கொடுப்பவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். எல்லோரும் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். போன மாதம் பத்தாம் தேதி, முதல் நாளே, "பத்து நிமிஷம் நிக்காம ஓடுங்க, பார்க்கலாம்" என்றாள். மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை வருஷமா டென்னிஸ் ஆடறீங்க?"

"பதினாறு."

"பதினாறு வருஷமும் கையால ஆடியிருக்கீங்க. ராக்கெட் கையில இருந்தா கை எப்படியாவது சமாளிச்சிடும், கால் சோம்பேறியாவே இருக்கும். எட்டு மாசம் அதைத் தூக்கி வைங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. யாரோ கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. அத்தைக்கு என் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அம்மாவும் நலம். முழங்கால் மட்டும் அப்படியே இருக்கிறது, அவள் பிடிவாதமும் அப்படியே. அண்ணன் நலமா? ஆற்று நடுவில் நிற்கும்போதாவது குறட்டை விடாமல் இருக்கிறானா?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்த வேகத்தில் என் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். பாவம், அந்த மனிதர் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

எட்டு மாதமா? கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், "முதல்ல எட்டு மாசம் நடந்து பழகிட்டு வர்றேன் மேடம்" என்று சொன்னால் நான் என்ன சொல்வேன்? டென்னிஸ் ஆடுகிறவர்கள் டென்னிஸ் ஆட வேண்டும் அண்ணி. பந்து பழகாமல் போனால் கண்ணும் கையும் மறந்துவிடும். அந்தக் கடிகாரம் ஒரு தடவையாவது கோர்ட்டில் நின்றிருக்கிறதா?

அம்மாவிடம் சொன்னேன். "மருமக ஓடறாளா? எங்க ஓடறா? எதுக்கு ஓடறா?" என்று கேட்டுவிட்டு, அண்ணனுக்கும் உங்களுக்கும் ஏதாவது சண்டையா என்று அரைமணி நேரம் என்னைக் குடைந்தாள்.

இந்த வருட செப்டம்பர் போட்டிக்கு மார்ச் முதல் வாரத்துக்குள் ஜோடிப் பெயர் கொடுக்க வேண்டும் என்று கிளப் செக்ரட்டரி நச்சரிக்கிறார். என்ன சொல்ல? யோசித்து எழுதுங்கள்.

போன வருடம் தோற்றது தோற்றதுதான். அதற்காக இப்படியெல்லாமா?

இப்படிக்கு,
பம்பரம்

பிப்ரவரி 18

அன்புள்ள பம்பரத்துக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம் என்று எழுத நினைத்தேன். வேலை எப்போதும் இருக்கிற அளவுதான் இருந்தது.

உன் அண்ணன் என்னைப் பார்த்து உற்சாகமாகி, கூடத்தில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்தினார். "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். பதினாறு விநாடி. அப்புறம் இரண்டு நாள், வளைந்த பாலம் மாதிரி அலுவலகம் போனார்.

எனக்குக் காலையில் கயிறு தாண்டுவது, மாலையில் மணல் பையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. நடுவில் ஆஸ்பத்திரியின் ஏழு மாடிப் படிகள். முதல் வாரம் மூன்றாவது மாடியில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல நடித்தேன். அந்தப் பலகையில் இருப்பது எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். வார்டு நர்ஸ் ஒருத்தி, "அக்கா, லிஃப்ட் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்கிறாள்.

பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓடுகிறேன். கால் ஆடுசதை கல் மாதிரி வலிக்கிறது. ராக்கெட் ஞாபகம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் கயிற்றை எடுத்துக்கொள்கிறேன்.

செக்ரட்டரி விஷயம். நீ வேறு யாருடனாவது ஆடலாம். எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். யாரையும் இழுத்துப் பிடித்துவைத்துக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி

மார்ச் 2

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமா?

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். பேங்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வயது இருபத்திரண்டு. மான் மாதிரி ஓடுகிறாள். எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாயிற்று. மாற்ற வேண்டும் என்றால் ஜூன் கடைசி வரை மாற்றலாமாம். மாற்ற வேண்டிய அவசியம் வராது என்று நினைக்கிறேன்.

உங்கள் பயிற்சி நல்லபடியாக நடக்கட்டும். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்

ஏப்ரல் 29

அன்புள்ள பம்பரத்துக்கு,

நலம். அத்தையும் நீயும் சௌக்கியம் என்று உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைப் போனில் கேட்டுச் சொல்கிறார். நான் அந்த நேரத்தில் பெரும்பாலும் ஓடப் போயிருப்பேன். போயிருக்காவிட்டாலும் போயிருப்பதாகத்தான் சொல்லச் சொல்வேன்.

இன்றைக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

முந்தாநாள் காலை ஆஸ்பத்திரியில் இரண்டு லிஃப்டும் நின்றுவிட்டன. ஆறாவது மாடியில் ஆபரேஷன் முடிந்த ஒருவருக்கு மூச்சுத் திணறல், உடனே நெஞ்சுப் படம் வேண்டும். ஆளை அசைக்க முடியாது. எடுத்துப் போகக்கூடிய சின்ன மெஷின் நல்லவேளையாக மேலேயே இருந்தது. படம் பதிகிற தட்டும், கதிர் படாமல் காக்கிற ஈய அங்கியும் கீழே என்னிடம். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈய அங்கியை மாட்டிக்கொண்டேன். அந்த அங்கி ஒன்றே ஐந்து கிலோ. படியைப் பார்த்தேன். ஏறினேன்.

சர்ஜன் எனக்கு முன்னால் கிளம்பியவர். முப்பது வயது இருக்கும். மூன்றாவது மாடியில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன். "நீங்க... போங்க... நான்... வர்றேன்" என்றார். ஆறாவது மாடியில் போய் நின்றதும் நர்ஸிடம், "அவரைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்க, முதுகுப் பக்கம் தட்டை வைக்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் குரல் சாதாரணமாக இருந்தது! படம் எடுத்தோம். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது. சர்ஜன் வந்து நெஞ்சில் ஊசியைச் செருகிக் காற்றை வெளியே எடுத்தார். அந்த மனிதர் இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

அன்று மதியம் இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். கடைசித் தடவை தேவையே இல்லை, சும்மா.

நான் ஜெயித்தது மாதிரி இருந்தது பம்பரம். கப் கிடையாது, கைதட்டல் கிடையாது, ஆனால் ஜெயித்தது மாதிரியே இருந்தது.

உன் ஆட்டம் எப்படிப் போகிறது?

அன்புடன்,
அண்ணி

மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இப்போது தெருவில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும், "என் மருமக ஏறித்தான் அந்த ஆளு பொழைச்சான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சர்ஜனைக் கதையிலிருந்தே தூக்கிவிட்டாள்.

என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன ஞாயிறு ஒரு சின்னப் போட்டி. இரண்டாவது சுற்றிலேயே தோற்றோம். தோற்றது பெரிய விஷயம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் பேங்க் பெண் ராக்கெட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு பால் போனதும் நீங்க என்கிட்ட பேசற மாதிரி எங்க மேனேஜர்கூடப் பேசமாட்டாரு. எனக்கு இந்த ஆட்டம் வேணாம்." அழக்கூட இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூலில் கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் நான் இப்படிப் பேசுவதில்லை. அவர்கள் சுவரில் இடித்தாலும், "பரவாயில்ல சார், சுவர்தான" என்பேன். கோர்ட்டில் மட்டும் எனக்கு என்ன ஆகிறது?

அண்ணி, உங்களிடம் ஒன்று

மேலே நான் அடித்து மறைத்திருக்கும் நான்கு வரிகளைப் படிக்க முயல வேண்டாம். பேனா சரியில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு அன்பு.

பம்பரம்

மே 24

அன்புள்ள பம்பரத்துக்கு,

நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

நீலப் பேனாவில் எழுதிக் கறுப்புப் பேனாவில் அடித்திருக்கிறாய். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டாயா? உள்ளே இருப்பதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டியில் உன் கடிதத்தை வைத்தேன். நான்கு வரியும் தெளிவாகத் தெரிந்தன.

"அன்னைக்கு கோர்ட்டில் நான் உங்களைச் சொன்னது தப்பு. அது தினமும் என் காதில் கேட்கிறது" என்று எழுதியிருந்தாய்.

எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 5-5. எனக்குப் பக்கவாட்டில் ஒரு பந்து போனது. காலை எடுத்து வைக்க நினைத்தேன், வரவில்லை. நீ அத்தனை பேருக்கு முன்னால் கத்தினாய்: "உங்களையும் சேர்த்து நானே சுமக்கணும்னா என்னால முடியாது!" அம்பயர் நாற்காலியில் இருந்தவர் தன் நோட்டைக் குனிந்து பார்த்தார். அந்தப் பல் டாக்டர் அக்கா தங்கைகூட, எதிர்ப்பக்கம் நின்றவர்கள், ஷூ லேஸைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நீ என்னென்னவோ பேசினாய், அதைத் தவிர. அடுத்த மாதம் மாற்றல் வந்தபோது உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதை எட்டு மாதமாக உன் அண்ணனிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

அந்த வார்த்தையின் கோபத்தில்தான் டயர் கடை மாடியில் ஏறினேன், மறைக்கவில்லை. ஒரு மாதம் அந்தக் கோபம்தான் என்னை ஓட வைத்தது. அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, ஒரு நாள் காலையில் ஓடி முடித்த பிறகுதான் உன்னை நினைக்கவே இல்லை என்று தெரிந்தது. வேர்வை கண்ணில் வழிய, எனக்காகவே ஓடிக்கொண்டிருந்தேன்.

அடித்த வரியை அடிக்காமல் எழுது. படிக்கிறேன்.

அண்ணி

ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

அடிக்காமல் எழுதுகிறேன்.

நான் சொன்னது தப்பு. அத்தனை பேர் முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. சொல்லிவிட்டு, சொல்லாத மாதிரி இருந்தேனே, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. 5-3ல் சர்வ் போட்டது யார்? நான். அந்த கேமை எடுத்திருந்தால் கப் நம் கையில். மூன்று டபுள் ஃபால்ட் போட்டு, மூன்று பாயிண்டைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். பயத்தில் கை விறைத்துவிட்டது. பந்தை மேலே தூக்கிப் போட்டால் அது கீழேயே வராது போலிருந்தது. அந்தப் பயத்தைத்தான் உங்கள் மேல் கொட்டினேன். உங்களுக்கு மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் தோற்கடித்தது நான்.

பேங்க் பெண்ணையும் நேற்று அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று, என் நம்பர் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜோடி சேர வேண்டாம்க்கா, சும்மா ஆடலாம்" என்றாள்.

ஜூன் கடைசி வரை பெயரை மாற்றலாம். மாற்றட்டுமா? நீங்கள் மாட்டேன் என்றால் இந்த வருடம் நான் ஆட மாட்டேன். இது மிரட்டல் இல்லை.

உங்கள்
பம்பரம்

ஜூன் 15

அன்புள்ள பம்பரத்துக்கு,

நலம். மாற்று.

நிபந்தனைகள்: ஆகஸ்ட் பத்துக்கு முன் ராக்கெட் கிடையாது, கடிகாரத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டில் ஒரு பாயிண்டுக்கும் அடுத்த பாயிண்டுக்கும் நடுவில் நீ மூன்று வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது. அதில் ஒன்று "பரவாயில்ல" என்பதாக இருக்க வேண்டும்.

அத்தையிடம் சொல்லிவிடாதே, அன்றைக்கே எல்லோரையும் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டுவிடுவார்.

இன்று ஐம்பது நிமிடம் ஓடினேன்.

அண்ணி

ஆகஸ்ட் 12

அன்புள்ள பம்பரத்துக்கு,

உடம்பு நலம். மற்றதெல்லாம் மோசம்.

பத்தாம் தேதி காலை ஆறு மணிக்குக் கோர்ட்டில் நின்றேன். வீட்டிலிருந்து போகும்போது கல்யாணப் பெண் மாதிரி போனேன். உன் அண்ணன்தான் எதிர்ப்பக்கம் நின்று பந்து போட்டார். முதல் நாற்பது பந்தில் கோட்டுக்குள் விழுந்தது பதினொன்று. மற்றதெல்லாம் வேலி, வாசல், பக்கத்து வீட்டு மாடி. ஒன்று உன் அண்ணனின் டிபன் கேரியர். பந்து வருவதற்கு முன்பே நான் அங்கே போய் நின்றுவிடுகிறேன். போன பிறகு கைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ ஜனவரியிலேயே சொன்னாய், கண்ணும் கையும் மறந்துவிடும் என்று.

நேற்றும் போனேன். பதினைந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எட்டு மாதத்தையும் வீணாக்கிவிட்டேனோ?

கடிகாரம் பார்க்க வந்திருந்தாள். டென்னிஸில் எத்தனை பாயிண்ட் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "ரெண்டு மணி நேரம் ஆடியிருக்கீங்க, மூச்சு வாங்கலையே" என்றாள். "பால் உள்ள விழலையே" என்றேன். "அது என் டிபார்ட்மெண்ட் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டிக்கு இன்னும் ஏழு வாரம்கூட இல்லை. பெயரைத் திரும்பவும் மாற்ற முடியுமா?

அண்ணி

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

முடியாது. முடிந்தாலும் மாற்ற மாட்டேன்.

லீவு போட்டுவிட்டு செப்டம்பர் முதல் தேதியே கிளம்பி வாருங்கள். ஸ்கூலில் காலை வகுப்புகளை எல்லாம் மதியத்துக்கு மாற்றிவிட்டேன். பேங்க் பெண் தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்குப் பந்து போட வருகிறேன் என்கிறாள். அம்மா உங்கள் அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள்.

என்னிடம் ஒரு பெண்மணி பத்து வருடத்துக்குப் பிறகு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் நாள் மூன்று தடவை நடுரோட்டில் வண்டியை அணைத்தார். நான்காவது நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சந்தைத் தெருவைத் தாண்டி ஓட்டிப் போனார். கை மறக்காது அண்ணி, கோபித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஜனவரியில் நான் எழுதியது முட்டாள்தனம்.

பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்கிறேன் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன். ஆறு வருடத்தில் நீங்கள் ஒரு தடவையாவது பந்துக்கு முன்னால் போயிருக்கிறீர்களா?

பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
பம்பரம்

செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணா,

நலம். நீ நலமா? பாலத்துக்கு கான்கிரீட் போடுகிற நாளும் எங்கள் ஃபைனலும் ஒரே நாளாக அமைந்ததற்கு உன்னைத் திட்டி முடித்தாயிற்று. நேற்று மதியம் அண்ணி, "ஜெயிச்சுட்டோம், 4-6, 7-5, 6-4" என்று செய்தி அனுப்பினாரே, அதற்கு நீ "சரி" என்று பதில் அனுப்பினாய். சரியா? போனில் சொன்னாலும் "அப்படியா" என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

அதே பல் டாக்டர் அக்கா தங்கைதான் எதிரே. முதல் செட் போனது. அண்ணி தண்ணீர் குடித்துவிட்டு, ஏதோ காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி எழுந்து போனார். இரண்டாவது செட்டில் 5-5 வரும்போதே அந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். அந்த செட் எங்களுக்கு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மூன்றாவது செட் தொடங்கும்போது கோர்ட்டில் இருந்த நான்கு பேரில் வாயால் மூச்சு விடாதவர் ஒருவர்தான். அது நான் இல்லை.

5-4. நான் சர்வ் போட வேண்டும். எடுத்தால் கப். முதல் பாயிண்ட் டபுள் ஃபால்ட். இரண்டாவதும் டபுள் ஃபால்ட். கை விறைக்கிறது அண்ணா. கூட்டத்தில் அம்மா, "என்ன ஆச்சு? ஏன் அமைதியா இருக்காங்க?" என்று பேங்க் பெண்ணைக் கேட்பது எனக்கே கேட்கிறது. நெட்டுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணி திரும்பி நடந்து வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. எத்தனை பால் வேணும்னாலும் வெளிய போடு. எனக்கு இன்னும் ஒரு செட் ஆடத் தெம்பு இருக்கு. நான் இங்கதான் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். போய் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

அடுத்த சர்வ் உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததும். ஸ்கோர் சமமாகிச் சமமாகி ட்யூஸ் மேல் ட்யூஸ், ஏழு தடவை. கடைசியில் எங்களுக்கு மேட்ச் பாயிண்ட். நான் சர்வ் போட்டேன், அந்தத் தங்கை ஓரத்துக்குத் திருப்பினாள், நான் பாய்ந்து எடுத்தேன், கால் வழுக்கிக் கோர்ட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. முழுக் கோர்ட்டும் காலி. அண்ணி ஒருவர்.

அவர்கள் அண்ணியின் தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள். அண்ணி திரும்பி ஓடினார், எடுத்தார். அடுத்து நெட்டை ஒட்டி மெதுவாகத் தட்டினார்கள். ஓடி வந்தார், எடுத்தார். திரும்பவும் தலைக்கு மேலே, இந்தத் தடவை இன்னும் உயரமாக. கூட்டத்தில் யாரோ, "போச்சு" என்றார்கள். போகவில்லை. அண்ணி பந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, திரும்பி நின்று, அது இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார் அண்ணா. காத்திருந்தார்! நான் தரையில் உட்கார்ந்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அந்த அக்கா இரண்டு முழங்காலிலும் கை ஊன்றிக் குனிந்துவிட்டாள். தங்கை அவளைப் பார்த்தாள். அந்த ஒரு விநாடியில் அண்ணி இரண்டு பேருக்கும் நடுவே நேராக அடித்தார். பந்து இரண்டு தடவை குதித்து வேலியில் போய் நின்றது.

கொஞ்ச நேரம் எனக்குச் சத்தமே கேட்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாகக் கேட்டது. அம்மா முழங்கால் வலி என்று நான்கு வருடமாகச் சொல்கிறாளே, அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தாள். நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். "பரவாயில்ல" என்றேன். அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் டாக்டர் அக்கா நெட்டுக்கு மேலே கை கொடுத்துவிட்டு, "எந்த ஜிம்?" என்று கேட்டாள். அண்ணி, "டயர் கடைக்கு மேல" என்றார். அவள் நம்பவில்லை.

கப் இப்போது டி.வி. மேல் இருக்கிறது. அம்மா காலையிலிருந்து அதை மூன்று தடவை துடைத்தாயிற்று. உன் கையெழுத்தில் நாலு வரியாவது எழுது. அம்மாவுக்கும் எனக்கும் இல்லை, அண்ணிக்கு.

இன்னும் நிறைய எழுத வேண்டும். ஆனால் அண்ணி எழுந்துவிட்டார். நேற்று இரண்டே முக்கால் மணி நேரம் ஆடியவர், இதோ வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறார். ஓடப் போகிறாராம்! எனக்குக் கை, கால், கழுத்து, கண்ணிமைகூட வலிக்கிறது.

"வர்றியா?" என்று கேட்கிறார்.

போகிறேன் அண்ணா. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
பம்பரம்